காலிக் கட்டம்

முதலில் கேட்க வேண்டியது
வறட்சியா, இல்லையா.
அது தீர்ந்த பிறகே மற்ற எழுத்துகள்.

ஏ: ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதமும்
பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்காத இடம்.
மார்கழியிலும் இந்த அலுவலகத்தில்
மின்விசிறி நின்று நான் பார்த்ததில்லை.
சி: கொடைக்கானல்.
வத்தலக்குண்டு தாண்டி பஸ் வளைய வளைய
யாரோ ஜன்னலில் தலைநீட்டி வாந்தியெடுக்கும்போது
எங்கோ எழுத்து மாறிவிடும்.
டி: உறைந்த ஏரியின்மேல் லாரி போகும் ஊர்கள்.
ஈ: கோடைகூடப் பத்து டிகிரியைத் தொடாதது.
ஏன் பத்து?
அதற்குக் கீழே மரம் பிழைப்பதில்லை.
இதை வகுத்தவர் வெப்பமானியை மட்டும் நம்பவில்லை,
செடிகொடிகளைக் கேட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்.

பி மட்டும் தனி.
அது வெயிலுக்கும் மழைக்கும் இடையே
வரவு செலவு.
சராசரி வெப்பம் இருபத்தெட்டு புள்ளி எட்டு.
இருபதால் பெருக்கினால் ஐந்நூற்று எழுபத்தாறு.
இரண்டு அரையாண்டிலும் சிதறிப் பெய்வதால்
நூற்று நாற்பது கூட்டு.
எழுநூற்றுப் பதினாறு மில்லிமீட்டர்.
அதை எட்டினால் சவானா, பச்சை மை.
எட்டாவிட்டால் அரைவறள் நிலம், ஆரஞ்சு.

மாவட்டக் கையேட்டுக்கு வரைபடம்.
உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மழைமானி மட்டும்
எந்த மைக்கும் வசப்படவில்லை.
முப்பதாண்டுச் சராசரி
எழுநூற்றுப் பதினைந்து புள்ளி ஆறு.

ஆக மொத்தம் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதவில்லை.
முப்பது வருஷத்துக்குப் பன்னிரண்டு.
டம்ளரில் ஊற்றி விரலை விட்டால்
ஒரு நகம் முங்கும், அவ்வளவுதான்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
இரண்டாயிரத்து ஏழு, ஐப்பசி,
நான்கு நாள் காலி.
பூஜ்யம் அல்ல, காலி.
கணினிக்கு இரண்டும் ஒன்று.

ஒச்சம்மாளின் நம்பரைத் தேடிப் பிடித்தேன்.
தினம் காலை எட்டரைக்குக் குடுவையை எடுத்து
அளந்து எழுதியவர்.
இப்போது திருமங்கலத்தில்
ரேஷன் கடையில் எடை போடுகிறார்.

"அன்னைக்குப் பேஞ்சது எனக்குத் தெரியாதா சார்?
வலி எடுத்து ஆட்டோவுல போறோம்,
ஓடைப்பாலத்துல முழங்கால் தண்ணி,
ஆட்டோக்காரரு எறங்கித் தள்ளுறாரு.
எனக்குப் பதிலா போட்ட ஆளு
நாலு நாள் கழிச்சுத்தான் எட்டிப் பாத்தாராம்.
குடுவை வழிஞ்சு கெடந்துச்சாம்.
வழிஞ்சது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?
பொய் எழுதத் தோணாம விட்டுட்டாரு.
நல்ல மனுசன்தான்."

குழந்தை? என்று கேட்டேன்.
"பொண்ணு. மழைப் பேரு எதும் வைக்கல சார்.
லாவண்யா."

முழங்கால் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர்?
எந்தச் சூத்திரத்திலும் இல்லை.
ஹபீபுல்லா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"காலின்னா காலிதான், ஆரஞ்சு அடிங்க" என்றார்.
பக்கத்து மேஜை ஐந்திணை என்று ஆரம்பித்தது,
தனக்கென நிலமே இல்லாத திணை ஒன்று உண்டே,
வெயில் முற்றினால் எங்கும் வந்து உட்காருமே என்றது.
நான் பதில் சொல்லவில்லை.
மை காய்வதற்குள் ஓரம் இழுக்க வேண்டும்.

கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர்.
இந்த அளவுகோலில் தரைமேல் அது அரைக் கிலோமீட்டர்.
அதற்குள்ளே ஒரு கண்மாய்,
வெடிக்கக் காத்திருக்கும் பருத்திக் காடு,
கைப்பிடி உடைந்த அந்த ஓடைப்பாலம்,
எந்த எழுத்திலும் சேராமல்.

அடிக்குறிப்பு ஒன்று எழுதினேன்:
நான்கு நாள் பதிவு இல்லை,
மழை இருந்தது.
அச்சுக்குப் போகும் முன் இரண்டாவது வரியை
யாரோ நீக்கிவிட்டார்கள்.

இன்று காலை எட்டரைக்கு
அங்கிருக்கும் புதுப் பையன் செய்தி அனுப்பினான்.
"நாலு சொட்டு விழுந்துச்சு சார்.
அளவுக்கு வரல.
என்ன போட?"